உதவி தேவை: சைடு ஸ்டெப் பின் பிராக்கெட் உட்காரவில்லை, கதவடியில் ஓட்டை போடலாமா?

நீலவண்டி:
அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எங்கள் எஸ்யூவியில் தரையிலிருந்து கதவடி (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி) விளிம்பு வரை 52 செ.மீ. உயரம் இருக்கிறது. ஏறும்போது யாராவது தூக்கிவிட வேண்டியிருக்கிறது, அது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் இந்த மாடலுக்கு என்றே வரும் அலுமினியப் பலகை வகை சைடு ஸ்டெப் (ஏற மிதிக்கும் படி) வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு மூன்று பிராக்கெட் (பலகையை வண்டியோடு பிணைக்கும் தாங்கி).

இப்போது இரண்டு சிக்கல். வலது பக்கம் முன் பிராக்கெட், நடு பிராக்கெட் இரண்டும் இறுக்கியாகிவிட்டது. பின் பிராக்கெட்டின் துளை மட்டும் வண்டியில் உள்ள துளையிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. இடது பக்கம் நடுவில், உள்ளே வெல்ட் செய்த நட்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. பொருத்த வந்தவர், "கதவடித் தகட்டில் புதுசா ஓட்டை போட்டு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ அடிச்சிடலாம், நிக்கும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

ஸ்பேனர்செட்:
முதலில் டிரில்லை உறையில் போடச் சொல்லுங்கள். வண்டி தனிச் சேஸிஸ் மேல் உட்கார்ந்த பாடியா, மோனோகாக்கா? கீழே குனிந்து பாருங்கள். முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு தடித்த இரும்புச் சட்டங்கள் ஓடி, அவற்றின் மேல் ரப்பர் வைத்து பாடி உட்கார்ந்திருந்தால் அது தனிச் சேஸிஸ். அப்படிச் சட்டம் தனியாகத் தெரியாமல் தரைத்தகடும் கதவடியும் ஒரே உடலாக இருந்தால் மோனோகாக். பேட்டரி வண்டியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் தரைக்கு அடியில் பேட்டரிப் பெட்டிதான் இருக்கும், டிரில்லை அந்தப் பக்கமே கொண்டு போகக்கூடாது.

பின் பிராக்கெட் விஷயத்தில் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, முன்னாலுள்ள இரண்டையும் முழுசாக இறுக்கிவிட்டதால் மூன்றாவது நகர இடமில்லாமல் போயிருக்கலாம். எல்லா போல்ட்டையும் கையால் நான்கைந்து சுற்று ஏற்றி, பலகையை வைத்து, முன்பின் சமம் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். இரண்டாவது, பின் பிராக்கெட்டுகள் இடதும் வலதும் மாறியிருக்கலாம். பார்க்க ஒரே மாதிரி தெரியும். தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும்.

நீலவண்டி:
மோனோகாக்தான், டீசல் வண்டி. எல்லாவற்றையும் தளர்த்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி பின் பிராக்கெட்டுகள் இடம் மாறித்தான் இருந்தன. மாற்றி வைத்ததும் துளைக்கு நேராக வந்துவிட்டது. பெரிய நன்றி அண்ணா! சுற்றுகிற நட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு இடத்துக்கு மட்டுமாவது ஸ்க்ரூ அடிக்கலாமா?

வெல்டர்:
வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டே சொல்கிறேன். 80 கிலோ எடையுள்ள ஆள் பலகையின் விளிம்பில் நிற்கிறார், விளிம்பு பிராக்கெட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே இருக்கிறது, மேல் போல்ட்டுக்கும் கீழ்த் தாங்கலுக்கும் 5 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். நெம்புகோல் கணக்கில் நான்கு மடங்கு. மேல் போல்ட்டைப் பிய்க்க வரும் இழுவை 320 கிலோ எடைக்குச் சமம். பிராக்கெட்டுக்கு நேராக மிதித்தால் பெரும்பகுதி அந்த ஒன்றுக்கே போகும். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள தகட்டில் இரண்டு மரை பிடித்த ஸ்க்ரூ இதை எத்தனை நாள் தாங்கும்? பிடுங்கிக்கொண்டு வரும்போது பலகை மேல் நிற்பது உங்கள் அம்மா.

இன்னொன்று. மோனோகாக் வண்டியில் கதவடி என்பது வெறும் மூடி இல்லை. பல அடுக்குத் தகடு சேர்ந்த பெட்டி அது. பக்கத்திலிருந்து மோதினால் பாரம் வாங்கும் முக்கியப் பகுதிகளில் அதுவும் ஒன்று. ஓட்டை போட்டால் இரும்புத்தூள் உள்ளேயே தங்கும், தண்ணீர் இறங்கும், துரு உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது வேலை முடிந்திருக்கும்.

சுற்றும் நட்டுக்கு வழி இருக்கிறது. பிராக்கெட்டுக்குப் பின்னால் தட்டையான நெம்பியை நுழைத்து, போல்ட்டை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தபடி மெதுவாகக் கழற்றுங்கள். அந்த இழுவையில் நட்டு தகட்டோடு அழுந்தி நின்றுகொள்ளும், பெரும்பாலும் போல்ட் வந்துவிடும். பிறகு பக்கத்தில் ரப்பர் மூடி போட்ட துளை ஏதாவது உண்டா என்று பாருங்கள். அதன் வழியாக நட்டு வெல்ட் செய்த ஒரு தகட்டுப் பட்டையை உள்ளே தள்ளி, துளைக்கு நேராகக் கொண்டுவந்து போல்ட் போடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான், பாரம் பரவலாகப் போகும். அதற்கு வழியில்லை என்றால் ரிவெட் நட்டு, அதாவது துளையில் செருகி இறுக்கினால் தகட்டைக் கவ்விக்கொள்ளும் நட்டு. ஸ்டீலில் வாங்குங்கள், அலுமினியம் வேண்டாம். துளை வட்டமாக இருந்தால்தான் அது பிடிக்கும், கோணிப்போயிருந்தால் அதுவும் சுற்றும். வெறும் உலோகம் தெரிகிற இடத்தில் துத்தநாக பிரைமர் அடித்து, உள்ளே மெழுகு ஸ்ப்ரே கொடுங்கள்.

மற்ற துளைகளிலும் பெயிண்ட் அடைத்திருக்கும். போல்ட் கையால் ஏறவில்லை என்றால் வலுவாகத் திருப்பாமல், மரை சுத்தம் செய்யும் டேப் என்ற கருவியை முதலில் ஓட்டுங்கள். எம்8 போல்ட்டுக்கு 1.25 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்). வெல்ட் நட்டுகள் பிய்ந்துகொள்வது பெரும்பாலும் இப்படி அடைத்த மரையில்தான்.

காட்டுப்பாதை:
இதெல்லாம் சரி, ஆனால் பலகைக்குப் பதில் 76 மி.மீ. இரும்புக் குழாய் போட்டிருந்தால் இன்னும் உறுதியாக இருந்திருக்கும். கல் பட்டாலும் பலகை மாதிரி நெளியாது.

ஸ்பேனர்செட்:
இந்த வீட்டுக்குப் பலகைதான் சரி என்பேன். உருண்டைக் குழாயில் பாதத்தின் ஒரு பகுதிதான் பதியும், ஈரமானால் உருளும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பாதம் நன்றாகப் பதிய வேண்டும், அதற்கு அகலமான பலகை வேண்டும். கல்லில் இடித்துத் தேய்த்துப் போகத்தான் வேண்டும் என்றால் அதற்கு ராக் ஸ்லைடர் என்று தனி வகை இருக்கிறது. அதை நேராகச் சேஸிஸோடு பிணைப்பார்கள். சாதாரண சைடு ஸ்டெப் குழாயாக இருந்தாலும் அந்த அடியை வாங்கச் செய்ததல்ல.

உயரம் குறைவதையும் மறக்காதீர்கள். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,750 மி.மீ., நடுவில் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடைவெளி) 200 மி.மீ. என்றால் அடி இடிக்காமல் மேட்டைத் தாண்டும் கோணம் சுமார் 16½ டிகிரி. ஸ்டெப் 50 மி.மீ. கீழே தொங்கினால் ஏறக்குறைய 12½ ஆகிவிடும். ஊருக்குள் ஓட்டுபவருக்கு இது பிரச்சினை இல்லை, காட்டுப்பாதை போகிறவருக்குப் பெரிய வித்தியாசம்.

நீலவண்டி:
தகட்டுப் பட்டை வழி பலித்தது! வடிகால் துளை வழியாகவே உள்ளே போனது. இப்போது எல்லாம் நிற்கிறது. ஆனால் மிதிக்கும்போது "கிரீச்" என்று ஒரு சத்தம். எவ்வளவு இறுக்க வேண்டும்?

வெல்டர்:
கிட்டோடு வந்த தாளில் எண் இருந்தால் அதுதான் வேதம். இல்லையென்றால் 8.8 தர எம்8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 48 அளவில் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வையுங்கள். சத்தம் அலுமினியமும் இரும்பும் நேராக உரசுவதால் வரும். பலகை பிராக்கெட்டில் உட்காரும் இடத்தில் மெல்லிய நைலான் தகடு கொடுங்கள். சத்தமும் போகும், இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிப்பதும் குறையும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை எல்லாவற்றையும் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

வண்டியின் அடியில் ஓரமாக பிரேக் பைப், டீசல் பைப், ஒயர் கட்டு போகும். பிராக்கெட் எதையும் நசுக்கவில்லையே? டார்ச் அடித்துப் பாருங்கள்.

நீலவண்டி:
பார்த்தேன், எல்லாம் விலகி இருக்கிறது. நைலான் வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. அம்மா ஏறிவிட்டார். இறங்கத்தான் தயங்குகிறார்.

ஸ்பேனர்செட்:
இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம். உள்ளே கதவோரத் தூணில் கைப்பிடி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு, இருக்கையைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கச் சொல்லுங்கள். ஏறும்போது வலி குறைவான கால் முதலில், இறங்கும்போது வலி அதிகமான கால் முதலில். கைப்பிடி இல்லையென்றால் அதையும் தூணில் வண்டி நிறுவனம் கொடுத்த துளையிலேயே பொருத்துங்கள். காற்றுப்பை இருக்கும் தூணில் புதுத் துளை கூடாது.

ஜாக்கியையும் இன்றே வைத்துப் பாருங்கள். பின் பிராக்கெட் ஜாக்கி முனைக்குப் பக்கத்தில் வரும் மாடல்கள் உண்டு, கைப்பிடி சுற்ற இடம் இருக்கிறதா என்று டயர் பஞ்சரான பிறகு தெரியக்கூடாது. வண்டியை ஸ்டெப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கவே கூடாது.

நீலவண்டி:
வைத்துப் பார்த்தேன். ஜாக்கி உட்காருகிறது, ஆனால் கைப்பிடி முழுச் சுற்று வரவில்லை, பலகையில் தட்டுகிறது. ராட்செட்டும் நீட்டுக்கம்பியும் போட்டுத் திருப்பினால் வருகிறது. அந்த இரண்டையும் ஸ்டெப்னி பக்கத்திலேயே கட்டி வைத்துவிட்டேன்.