மீட்டுப் பார்க்காத காப்புநகல்

தரவுத்தள நிர்வாகியின் பொறுப்புகள் என்றால் பயனர் அனுமதிகளை வரையறுப்பது, மெதுவாக ஓடும் வினவல்களைச் சீர்செய்வது, புதிய பதிப்புக்கு மாற்றுவது என்று பலவற்றைச் சொல்லலாம். எல்லாம் தேவையான வேலைகளே. ஆனால், தொலைந்த தரவை மீட்டுத்தர முடியாவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட கருத்து.

ஒரு தனியார் மருத்துவமனையில் மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருளில் இயங்கிய தரவுத்தளத்துக்கு நான் பொறுப்பேற்றபோது, காப்புநகல் (பேக்கப்) வெற்றிகரமாக முடிந்தது என்று இரவுதோறும் மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. அந்தக் கோப்பிலிருந்து கடைசியாக எப்போது தரவுத்தளத்தை மீட்டுப் பார்த்தார்கள் என்று விசாரித்தேன். ஒருமுறையும் இல்லை என்றார்கள். தனி சர்வர் ஒன்றில் மீட்டுப் பார்த்தபோது, அட்டவணைகளும் பதிவுகளும் முழுமையாக வந்தன; பில் தொகையைக் கணக்கிடும் ஸ்டோர்டு புரொசீஜர்களில் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கப்படும் நிரல்கள்) ஒன்றுகூட வரவில்லை. காப்புநகல் எடுக்கும் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப், பதிவுகள் மாறும்போது இயங்கும் டிரிகர்களைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். புரொசீஜர்களையும் குறித்த நேரத்தில் இயங்கும் ஈவென்ட்களையும் கட்டளையில் தனியே கேட்டால்தான் சேர்க்கும். அப்படிக் கேட்கப்படாததால், எந்தப் பிழைச் செய்தியும் எழாமல் குறையுள்ள கோப்பே நாள்தோறும் சேமிக்கப்பட்டிருந்தது. கட்டளையைத் திருத்துவது எளிதாக முடிந்தது. சர்வர் பழுதான ஒரு நாளில் இது தெரியவந்திருந்தால், வீடு திரும்பக் காத்திருக்கும் நோயாளிகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்ற எண்ணம் என்னை வெகுநாள் உறுத்தியது.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இத்துறையினர் பலர் அறிவர். முதன்மை சர்வரின் பிரதியை வைத்திருக்கும் துணை சர்வரில் நீக்க வேண்டிய கோப்பகம் முதன்மை சர்வரில் நீக்கப்பட்டு, ஏறத்தாழ 300 ஜிபி தரவு அழிந்தது. தினசரிக் காப்புநகலைத் தேடிப் போனபோதுதான், 9.6 பதிப்பில் ஓடிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை 9.2 பதிப்பின் கருவியால் நகலெடுக்க முயன்று அது தொடர்ந்து தோற்று வந்ததும், தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேராததும் வெளிப்பட்டன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கைப்பட எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்நேரத் தரவின் நகல்) ஒன்றுதான் அவர்களைக் காத்தது. தனியொருவர் மீது பழி சுமத்தாமல் அனைத்தையும் பொதுவெளியில் எழுதிவைத்தார்கள். அதற்காக அவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

அந்த மருத்துவமனையில் இப்போது மாதந்தோறும் தனி சர்வரில் மீட்டு, முந்தைய மாத வசூல் அறிக்கையைக் கணக்குப் பிரிவினரைக் கொண்டே எடுக்கச் செய்து ஒப்பிடுகிறோம். மீட்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தருகிறேன். அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகுதான், மீட்பு முடியும்வரை பயன்பட, ஒவ்வொரு கவுண்ட்டரிலும் கையால் எழுதும் ரசீதுப் புத்தகங்களை வைக்க அவர்கள் உத்தரவிட்டார்கள்.