மணல் பொது, நாற்காலி ஹோட்டலுடையது: கரீபியன் கடற்கரை அனுபவங்கள்

பார்படோஸில் கடற்கரைகள் எல்லாமே பொது. எவ்வளவு பெரிய ஹோட்டலாக இருந்தாலும் அதன் முன்னாலுள்ள மணலில் யார் வேண்டுமானாலும் துண்டை விரித்துப் படுக்கலாம். இது தெரிந்துதான் போனோம். அந்த மணலுக்கு எந்த வழியாகப் போவது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

மேற்குக் கரையில் பெய்ன்ஸ் பே பக்கம் சாலையோரம் முழுக்க மதிலும் கேட்டும்தான். நடுவில் எங்கோ ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டோம். அவர் தன் பஸ்ஸை விட்டுவிட்டுச் சந்து முனைவரை கூடவே வந்தார்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஹோட்டல் காவலாளி வந்துவிட்டார். நாற்காலியில் வைத்த பையை எடுக்கச் சொன்னார். "இது பொதுக் கடற்கரைதானே?" என்று கேட்டேன். "கடற்கரை பொதுதான் சார், நாற்காலி எங்களுடையது" என்றார், மரியாதையாகவே. சரி, அவர் வேலை அது. ஆனால் அலை தொடும் இடம்வரை நாற்காலியை வரிசையாகப் போட்டுவிட்டால் பொது மணல் என்று எது மிச்சம்?

மறுநாளே பிரிட்ஜ்டவுனுக்கு ஒட்டிய கார்லைல் பேக்கு மாறிவிட்டோம். அகலமான கரை, சந்து தேடும் வேலை இல்லை. விடியற்காலையில் போனால் பந்தயக் குதிரைகளைக் கடலில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். எங்கள் பயணத்திலேயே நல்ல நேரம் அதுதான். எந்த ஹோட்டல் நாற்காலியும் அதற்கு ஈடில்லை.

* * *

பார்படோஸ் போன நீங்கள் கொடுத்துவைத்தவர். நாங்கள் போனது ஜமைக்கா. அங்கே 1956ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் கரையோர உரிமையை அரசிடம் கொடுத்ததே தவிர, மக்கள் எங்கும் போய்க் குளிக்கலாம் என்ற பொது உரிமையைத் தரவில்லை. மான்டிகோ பேயில் புகழ்பெற்ற டாக்டர்ஸ் கேவ் கடற்கரைக்கே டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும். சுத்தமாக இருக்கிறது, உடை மாற்ற இடம் இருக்கிறது, அதில் குறையில்லை.

சாப்பாடு, தங்கல் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய ஹோட்டலில் தங்கியதால், அதன் விருந்தினர் என்று காட்டும் பட்டை எங்கள் கையில். அதைக் காட்டினால் எல்லாக் கதவும் திறக்கும். எங்களை அழைத்துவந்த ஓட்டுநர், தான் சிறுவயதில் நீந்திய இடம் இந்த வேலிக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓச்சோ ரியோஸ் அருகே மாமி பே போன்ற கடற்கரைகளுக்குப் போகும் உரிமை கேட்டு மக்கள் நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள்.

ஜமைக்காவிலேயே நெக்ரில் என்ற ஊரின் நீளமான கரை பரவாயில்லை. தண்ணீர் ஓரமாகவே ஹோட்டல் ஹோட்டலாகத் தாண்டி நடக்கலாம்.

* * *

பார்படோஸ் போகிறவர்களுக்கு ஒன்று: சந்து தேடும் அவசரத்தில் மரத்தைக் கவனிக்காமல் விடாதீர்கள். தண்டில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அது மான்சினீல். சின்ன ஆப்பிள் மாதிரிக் காய்க்கும், கடும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால்கூடத் தோல் கொப்பளித்துவிடும். குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அப்புறம், டொபேகோ தீவுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கே பிஜன் பாயிண்ட் கடற்கரையில் நுழைவுக் கட்டணம் உண்டாமே. கட்டணம் இல்லாத நல்ல கரை பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்.