காஸ் பீடபூமிக்கு எந்த வாரம் செல்வது?

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா நகருக்கு மேற்கே, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள காஸ் பீடபூமிக்கு, தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் தாயாரை அழைத்துச் செல்லவிருக்கிறேன். காட்டுப்பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஒரே பயணத்தில் காண விரும்புகிறார். தேதியைத்தான் முடிவு செய்ய இயலவில்லை.

செம்புரைப் பாறைமேல் படிந்த மெல்லிய மண் ஈரமாக இருக்கும் வரையில்தான், மண்ணுக்கடியில் நுண்ணிய பைகளை வைத்துச் சிற்றுயிர்களைப் பிடிக்கும் ஊதாநிற உட்ரிகுலேரியா பூத்திருக்கும். ஆனால் அந்த நாட்களில் மூடுபனியும் தூறலும் ஓய்வதில்லை. வெயில் படாமல் வண்ணத்துப்பூச்சிகள் சிறகு விரிப்பதில்லை. சென்ற ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் நான் சென்றபோது, பனித்துளி கோத்த பூக்களை அருகிருந்து பார்த்தேன். பறக்கும் பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

முந்தைய ஆண்டுகளின் மழைப் பதிவுகளைப் பார்த்தேன். இணையத்திலுள்ள படங்கள் பெரும்பாலும் தேதியின்றி இருக்கின்றன. தங்கும் விடுதியில் செப்டம்பர் நடுப்பகுதி என்றார்கள், வாடகை வண்டி ஓட்டுநரோ அக்டோபர் முதல் வாரம் என்றார். தாயாருக்கு மூட்டுவலி இருப்பதால் சமதளத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க இயலாது. ஆகவே இன்னொரு முறை வந்து பார்க்கலாம் என்று விட முடியாது. சென்னையிலிருந்து ரயில் முன்பதிவும் விரைவில் செய்தாக வேண்டும்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை அங்கு சென்றவர்கள், உட்ரிகுலேரியாவும் வண்ணத்துப்பூச்சிகளும் ஒரே நாளில் கண்ணில் பட்டது எந்த வாரத்தில் என்று சொல்ல முடியுமா?