மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியோட முன்னாள் கோச் ஜிம் ஹார்பா காலத்து ஆட்டங்களை நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

பனிக்கரடி: 2021 நவம்பர் 27, மிச்சிகனோட சொந்த ஊர் ஆன் ஆர்பர். பனி கொட்டுது, கால் விரல் மரத்துப்போச்சு. முந்தைய சீசன் ரெண்டு வெற்றி, நாலு தோல்வி, ஹார்பாவோட சம்பளத்தையே குறைச்சிருந்தாங்க. பரம எதிரி ஓஹயோ ஸ்டேட்கிட்ட அவர் கோச்சா வந்ததுல இருந்து அதுவரை அஞ்சுக்கு அஞ்சும் தோல்வி. அன்னைக்கு நாம 42-27ன்னு ஜெயிச்சோம்! நம்ம ஹாஸ்கின்ஸ் மட்டும் அஞ்சு டச்டவுன் (பந்தோட எல்லைக்கோட்டைத் தாண்டினா ஆறு பாயின்ட்). எல்லாரும் மைதானத்துக்குள்ள இறங்கிட்டாங்க, நானும்தான். பக்கத்துல ஒரு பெரியவர் "எண்பத்தாறு, எண்பத்தாறு"ன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்கினார். ரூமுக்கு வந்து தேடினாத்தான் விஷயம் தெரியுது. 1986ல ஹார்பா இதே மிச்சிகனுக்கு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற ஆட்டக்காரர். ஓஹயோவை ஜெயிப்போம்னு ஆட்டத்துக்கு முன்னாடியே பத்திரிகைக்காரங்ககிட்ட அடிச்சுச் சொல்லி, 26-24ன்னு ஜெயிச்சிருக்கார். அந்தப் பெரியவர்கிட்ட நாலு வார்த்தை பேசாம வந்துட்டேனேன்னு இன்னும் உறுத்துது.

மஞ்சநீலம்: அந்த 86 கதையை ரொம்ப ஊதாதீங்க. கடைசில ஓஹயோக்காரன் ஃபீல்ட் கோலை (கம்பங்களுக்கு நடுவுல உதைச்சா மூணு பாயின்ட்) வெளியே அடிச்சான், அதனால தப்பிச்சது. நான் பார்த்தது 2015 அக்டோபர், அதே மாநிலத்து இன்னொரு அணியான மிச்சிகன் ஸ்டேட்டோட ஆட்டம். 23-21 நாமதான் முன்னாடி, மிச்சம் 10 விநாடி. பந்தை உதைச்சுத் தள்ளினா முடிஞ்சது கதை. உதைக்கிறவர் கையில பந்து நிக்கல, அவங்க அள்ளிட்டு ஓடிட்டாங்க. 27-23ன்னு தோத்துட்டோம். லட்சம் பேர் இருந்த இடத்துல, மூலையில இருந்த மிச்சிகன் ஸ்டேட் பச்சைச் சட்டைக்காரங்க சத்தம் மட்டும் கேட்டுது பாருங்க...

கொலிசியம் குமாரு: அதிர்ஷ்டம்னா சொல்றீங்க? 2009ல நான் லாஸ் ஏஞ்சலஸ்ல, அந்த ஊர் பல்கலைக்கழக அணி யூஎஸ்சி பக்கம் உக்காந்திருந்தேன். ஹார்பா அப்ப ஸ்டான்ஃபோர்ட் கோச். 48-21ன்னு முன்னாடி இருந்தும், டச்டவுனுக்கு அப்புறம் வழக்கமா உதைச்சு எடுக்கிற ஒரு பாயின்ட்டை விட்டுட்டு, ரெண்டு பாயின்ட்டுக்குப் போனார். கிடைக்கல, ஆனா வேணும்னேதான் செஞ்சார். 55-21ல முடிஞ்சது. கை குலுக்க வந்த யூஎஸ்சி கோச் பீட் கேரல் "உனக்கு என்னய்யா பிரச்சனை"ங்கிற மாதிரி கேட்டது மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. எங்க ஆளுங்க எரிச்சலாயிட்டாங்க. எனக்கு அன்னைக்கே பிடிச்சுப்போச்சு, வெளிய சொல்லல.

ரவா_உப்புமா: நான் 2024 ஜனவரில ஹூஸ்டன்ல, தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துல இருந்தேன். வாஷிங்டனை மிச்சிகன் 34-13ன்னு ஜெயிச்சது, அந்த சீசன்ல பதினஞ்சு ஆட்டமும் வெற்றி. அவ்வளவுதான் என் கதை. ஆனா ஆன் ஆர்பர் போறவங்களுக்கு ஒண்ணு: பை எடுத்துட்டுப் போகாதீங்க, வாசல்லயே நிறுத்திடுவாங்க. சாய்மானம் இல்லாத பெஞ்சுதான், முதுகுவலிக்காரங்க யோசிங்க. நவம்பர்னா காலுறை ரெண்டு ஜோடி, காலுக்கடியில அட்டை போட்டுக்கங்க. பனிக்கரடி தம்பி இதைச் செஞ்சிருந்தா விரல் மரத்திருக்காது.

பனிக்கரடி: அண்ணே, அட்டையை எதுல கொண்டு போறது? பைதான் கூடாதுங்கிறீங்களே.