ஒய் அச்சில் 0.4 எம்எம் எங்கே போகிறது?

பெங்களூரு பீன்யாவில் சின்னப் பட்டறை. ஸ்க்ரூ இல்லாமல் கோத்து நிறுத்தும் புத்தக அலமாரிக்கு சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்லும் பாதையில் வெட்டும் இயந்திரம்) பிளைவுட் வெட்டுகிறேன். இரண்டு வாரமாக ஒரே தொல்லை: நீளவாட்டில், ஒய் திசையில் ஓடும் பள்ளத்தில் பலகை கையால் தள்ளினாலே உட்காருகிறது. அதே ஷீட்டில் குறுக்கே, எக்ஸ் திசையில் ஓடும் பள்ளத்தில் ரப்பர் சுத்தியலால் அடித்தாலும் பாதிதான் இறங்குகிறது. போன வாரம் ஒரு பக்கப்பலகை ஓரத்தில் பிளந்தே விட்டது.

இயந்திரம் 1325 (சுமார் 1300 x 2500 எம்எம் மேசை), நாலு வருஷம் ஓடியது. ஒய் அச்சுக்கு இருபுறமும் ரேக்-பினியன் (பல் வைத்த நீளச் சட்டமும் அதில் ஓடும் சின்னப் பல்சக்கரமும்), கியர்பாக்ஸோடு ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு படிகளாகச் சுழல்வது). 6 எம்எம் கம்ப்ரெஷன் பிட் (பிளையின் இரு முகமும் சிலும்பாமல் வெட்டும் அலகு), 18,000 ஆர்பிஎம்.

18 எம்எம் என்று விற்கும் பிளை வெர்னியரில் 17.4 தான் (இது பழகிய கதை), அதனால் பள்ளம் 17.6 வரைந்தேன். புது பிட் போட்டேன், வேகத்தைப் பாதியாக்கினேன், பினியன் ஸ்க்ரூக்களை இறுக்கினேன். மாற்றமில்லை. 100 எம்எம் வட்டத் துளை வெட்டிப் பார்த்தால் எக்ஸில் சரியாக 100, ஒய்யில் 99.6. ஆனால் ஒய்யில் ஒரே திசையில் 1000 எம்எம் நகர்த்தி அளந்தால் அளவு சரி. அப்படியென்றால் திசை திரும்பும்போதுதான் ஆட்டம் (பற்களுக்கு இடையிலான தளர்வு, பேக்லாஷ்).

அந்த ஆட்டம் ரேக்-பினியன் பல்லிலா, கியர்பாக்ஸுக்குள்ளா என்று மோட்டாரைக் கழற்றாமலே கண்டுபிடிப்பது எப்படி?