'அழுத்தம்' வேண்டாம், 'விஞ்சல்' என்போமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன். முதல் வரைவில், ஆங்கிலத்தில் oxidative stress எனப்படுவதற்கு, எல்லோரும் எழுதுகிறபடி 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்றே போட்டிருந்தேன். இந்த நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடும் என் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வரியில் விரலை வைத்தபடி, "அப்படியானால் பிரஷர் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட வேண்டுமா?" என்று கேட்டார். அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். இரத்த அழுத்தமும் மன அழுத்தமும் புழங்கும் வீட்டில் மூன்றாவது அழுத்தம் குழப்பத்தைத்தான் தரும்.

stress என்பதற்கு நண்பர் ஒருவர் முன்மொழிந்த 'தகைவு' இயற்பியலுக்குச் சரி. கம்பியை இழுக்கும்போது அதற்குள் எழும் விசையைப் பற்றியது அது. இங்கே விசை எதுவும் இல்லை. ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்மட் சீஸ் 1985இல் தந்த வரையறை, ஆக்சிஜனேற்றிகளுக்கும் அவற்றைத் தடுப்பவற்றுக்கும் உள்ள சமநிலை குலைந்து முன்னவற்றின் கை ஓங்குவதைத்தான் சொல்கிறது.

தைராய்டில் இந்தச் சமநிலை எப்போதும் கத்திமுனையில்தான் நிற்கிறது. புண்ணில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ஆக்சிஜனேற்றியைத் தைராய்டு செல் தானே உற்பத்தி செய்கிறது. அது இல்லாமல் அயோடினை ஹார்மோனில் சேர்க்க முடியாது. மிஞ்சியதைச் செலினியம் கொண்ட நொதிகள் அழிக்கின்றன. எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே செலினியம் மிகுந்த உறுப்பு தைராய்டு என்பதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். ஹாஷிமோட்டோவில் சுரப்பிக்குள் புகுந்த நோயெதிர்ப்புச் செல்களும் தம் பங்குக்கு ஆக்சிஜனேற்றிகளை உமிழ்கின்றன. தடுப்பு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. ஆக, ஆக்சிஜனேற்றம் இங்கே பகையன்று. அளவு கடப்பதே கேடு. சொல்லிலும் இது தெரிய வேண்டும்.

முதலில் 'ஆக்சிஜனேற்ற மிகை' என்று எழுதி மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த பக்கத்திலேயே 'தைராய்டு மிகைச் சுரப்பு' வருகிறது. ஹாஷிமோட்டோவோ பெரும்பாலும் குறைச் சுரப்பில் முடிவது. குறைச் சுரப்புக்காரர் தம் நோய் விளக்கத்தில் 'மிகை' என்று படித்தால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளத் துணிவார் என்ற அச்சத்தில் அதையும் விட்டேன்.

இப்போது என் முன்மொழிவு: 'ஆக்சிஜனேற்ற விஞ்சல்'. வரவைச் செலவு விஞ்சியது என்கிறோம் அல்லவா, அதே பொருள்தான். ஒன்றை விஞ்ச இன்னொன்று எதிரே வேண்டும். ஆகவே சமநிலை என்ற கருத்து வேர்ச்சொல்லிலேயே இருக்கிறது. ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான ஒடுக்கம் (reduction) கை ஓங்கும் எதிர்நிலையை 'ஒடுக்க விஞ்சல்' எனலாம். இலங்கை நண்பர்கள் தங்கள் பாடநூல் வழக்கப்படி 'ஒட்சியேற்ற விஞ்சல்', 'தாழ்த்தல் விஞ்சல்' என்று எழுதினாலும் பின்பாதி பொதுவாக நிற்கும்.

அத்தையிடம் புதிய வரியைக் காட்டினேன். "எது எதை விஞ்சுகிறது?" என்று கேட்டார். நான் விளக்க விரும்பிய கேள்வியே அதுதான். அச்சுக்குப் போகுமுன் மறுப்பிருந்தால் எழுதுங்கள்.