உருளும் உராய்வா, உருள்தடையா? ஒரு கலைச்சொல் இழை

க. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரின் பராமரிப்பு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டயர் காற்று பற்றிய அத்தியாயத்தில், உருளும் சக்கரத்தைப் பின்னுக்கு இழுப்பதைக் குறிக்கும் 'ரோலிங் ரெசிஸ்டன்ஸ்' நகரவிடாமல் நிற்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த 'உருளும் உராய்வு' என்பதையே போட்டு, "காற்றழுத்தம் குறைந்தால் உருளும் உராய்வு கூடும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்" என்று எழுதினேன். சரிபார்த்த பொறியாளர் 'உராய்வு' என்பதைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பிவிட்டார், காரணம் எழுதவில்லை. அதே பக்கத்தில், பயணம் எவ்வளவு சொகுசு என்பதைக் குறிக்கும் 'ரைட் குவாலிட்டி'யும் இருக்கிறது. படிக்கப்போகிறவர்கள் வண்டி ஓட்டுகிறவர்கள், புலவர்கள் அல்லர். அதை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

ந. எழுதியது:

சுழித்தவர் பக்கம் நான். ஒரு பரப்பு இன்னொரு பரப்பின்மேல் வழுக்கித் தேய்வதைத்தான் உராய்வு என்கிறோம். நேராக ஓடும் டயர் சாலையில் அப்படி வழுக்கிக்கொண்டு போவதில்லை. தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்குகிறது, தாண்டியதும் நிமிர்கிறது. நசுங்கும்போது வாங்கிக்கொண்ட ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது அது திருப்பித் தருவதில்லை. பிடித்துக்கொண்டது வெப்பமாகிறது. காற்று குறையக் குறைய நசுங்கல் கூடும், இழப்பும் கூடும். இந்தத் தடைக்கான கெழு, அதாவது தடை வண்டியின் எடையில் எத்தனை பங்கு என்பது, 0.01 என்று வைத்தால், 1,400 கிலோ காரைச் சுமார் 137 நியூட்டன் விசை ஓயாமல் பின்னுக்கு இழுக்கும்.

ஹைப்ரிட்டில் இது கூடுதலாக உறுத்தும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. டயரில் வெப்பமாய்ப் போனதை எந்த மோட்டாராலும் மீட்க முடியாது. மற்ற இழப்புகளைக் குறைத்துவிட்ட வண்டியில் இந்த இழப்பின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆகவே 'உராய்வு' வேண்டாம். எதை வைப்பது என்பதைத் தமிழறிந்தவர்கள் சொல்லட்டும்.

வே. எழுதியது:

'டயர்', 'ஹைப்ரிட்' இரண்டையும் அப்படியே விழுங்கிவிட்டு மூன்றாவது சொல்லுக்கு மட்டும் தமிழ் தேடுவது என்ன நியாயம்? சக்கரத்துக்கு நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை: ஆழி, நேமி, திகிரி, உருளி. பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வண்டிக்கு 'முழவின் அன்ன முழுமர உருளி'. அங்கேயே 'சூட்டு' வருகிறது. ஆரக்கால்களைச் சுற்றி விளிம்பாக அமையும் வளைமரம் அது. சக்கரத்துக்குச் சூட்டியது சூட்டு. டயரும் சக்கரத்துக்குச் சூட்டியதுதானே? இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

ஹைப்ரிட்டைக் 'கலப்பினம்' என்பவர்களிடமும் ஒரு கேள்வி. காருக்கு ஏது இனம்? நெல்லுக்கும் மாட்டுக்கும் சொன்னதைக் காருக்குச் சூட்டுகிறோம். 'ஈரியக்க ஊர்தி' என்போம்.

சு. எழுதியது:

வே. ஐயாவுக்கு வணக்கம். 'ஈரியக்க' எனக்குப் பிடித்திருக்கிறது. சிலர் எழுதும் 'ஈரெரிபொருள்' பெட்ரோலும் எரிவாயுவும் மாறிமாறிப் போடும் வண்டிக்கே பொருந்தும். ஹைப்ரிட்டில் இயந்திரம் ஒன்று, மோட்டார் ஒன்று என இயக்குபவைதாம் இரண்டு.

சூட்டு மட்டும் வேண்டாம் ஐயா. காற்றுக் குறைந்த டயர் சூடாகும் என்பதுதான் அத்தியாயத்தின் முக்கிய எச்சரிக்கை. 'சூட்டில் சூடு ஏறும்' என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சு அன்றைக்கு முழுவதும் அடங்காது.

நான் பாலிடெக்னிக்கில் 'உருளல் தடை' என்று நடத்துகிறேன். மாணவர்கள் அதையும் எழுதுவதில்லை, 'வண்டி இழுக்கல' என்றுதான் எழுதுகிறார்கள். மதிப்பெண் போட்டுவிடுகிறேன்.

மா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தடைக்குப் போகும் முன்னம் 'அழுத்த'த்தில் நிற்கிறேன். நாங்கள் ஈழத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தது 'அமுக்கம்'. வளிமண்டல அமுக்கம், திரவ அமுக்கம், எல்லாமே அமுக்கந்தான். 'அழுத்தம்' என்றால் எங்களுக்கு மனம் ஞாபகத்துக்கு வரும். கையேடு எங்கள் பக்கமும் வருமென்றால் இரண்டையும் ஓரிடத்திலாவது சேர்த்துப் போடுங்கோ.

வே. எழுதியது:

மா. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இருபுறமும் வாழ்கிற சொற்கள். அமுக்கமே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் 'தடை' என்றால் நிறுத்துவது. தடை விதித்தார்கள், தடைச் சட்டம் என்கிறோம். இந்த விசையோ வண்டியை நிறுத்தவில்லை, இழுத்துப் பிடித்துப் போகவிடுகிறது. அடுத்தது புணர்ச்சி. சிலர் 'உருள்தடை' என்று சுருக்குவார்கள். ளகரத்தின் முன் தகரம் வந்தால் என்ன ஆகும் என்று நன்னூல் சொல்கிறது. 'உருடடை' என்றல்லவா வரவேண்டும்?

சு. எழுதியது:

'உருடடை' என்று அச்சிட்டால் எழுத்துப்பிழைப் பட்டியலில் முதலில் நிற்கும் ஐயா. இயற்பியலில் மின்சார 'ரெசிஸ்டன்ஸ்'க்கு மின்தடை என்ற சொல் வந்து எத்தனை காலமாயிற்று! மின்னோட்டம் நின்றா போய்விட்டது? 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி' என்றார் வள்ளுவர். உருண்ட, உருளும், இனி உருளப்போகும் தேர், மூன்று காலமும் அதற்குள் அடக்கம். உருள்தடையும் அதே வினைத்தொகை. இரண்டு சொல்லும் பிரிந்து தெரிந்தால்தான் படிப்பவருக்குப் புரியும்.

ந. எழுதியது:

இயற்பியல் நூல்களில் 'ஹிஸ்டெரிசிஸ்' என்பதைத் 'தயக்கம்' என்று எழுதுகிறோம், காந்தத் தயக்கம் என்பதுபோல. ரப்பரிலும் நடப்பது அதுவேதான். நசுங்கிய ரப்பர் நிமிரத் தயங்குகிறது, அந்தத் தயக்கத்தில் ஆற்றல் போகிறது. 'உருள்தயக்கம்' என்றால் காரணமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். உருள்தடை என்ன நடக்கிறது என்று சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை.

வே. எழுதியது:

அடடா, இது சொல்! 'தயங்கு' என்பதற்குப் பழம்பொருள் அசைதல். 'தயங்குதிரை' என்றால் அசையும் அலை. அலை முன்னும் பின்னும் அசைவதால் தயக்கத்துக்குப் பின்வாங்கல் என்ற பொருள் பிறகு ஏறியிருக்கலாம். டயரின் பரப்பில் நசுங்கலும் நிமிர்தலும் அலைபோல ஓடுகின்றன என்று ந. அவர்களே சொல்கிறார். பழம்பொருள், புதுப்பொருள் இரண்டும் ஒரே இடத்தில் கூடிவிட்டன. தடையைக் கைவிடுங்கள்.

க. எழுதியது:

ஐயா, மன்னிக்கவும், புதன் முடிந்துவிட்டது. 'உருள்தயக்கம்' என்று படிக்கும் ஓட்டுநர், வண்டிதான் கிளம்பத் தயங்குகிறது என்று நினைத்து பேட்டரியைக் கழற்றுவார்.

'மைலேஜ்' பற்றியும் ஒரு சந்தேகம். மூலத்தில் காற்று சரியாக இருந்தால் 'கணிசமான' மிச்சம் என்று இருக்கிறது. எவ்வளவு கணிசம்?

ந. எழுதியது:

அந்தச் சொல்லை வெட்டுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், நான்கு டயர்களின் சராசரி அழுத்தம் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2% குறையும். எட்டு பிஎஸ்ஐ குறைந்து கிடந்தால் 1.6%. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் ஹைப்ரிட்டில் அது 0.4 கிலோமீட்டர். பெரிய தொகை இல்லை, ஆனால் டயர் ஓரங்கள் தேய்வதும் உள்ளே சூடேறுவதும் அதைவிடப் பெரிய செலவு.

இதற்கு நேர் எதிரான ஆசையைத்தான் கையேடு அடக்க வேண்டும். ஹைப்ரிட் ஓட்டுகிறவர்கள் திரையில் தெரியும் மைலேஜ் கணக்கைப் பார்த்துப் பார்த்து, காற்றை ஏற்றிக்கொண்டே போவார்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச வரம்பு. வைக்கவேண்டிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள ஒட்டுச்சீட்டில் இருக்கும். டயர் ஆறிய நிலையில் பார்க்க வேண்டிய அளவு அது. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினாலே ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ மாறிவிடும். மிதமிஞ்சி அடித்தால் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், நடுப்பகுதி தேயும், ஈரச்சாலையில் பிடிப்பு குறையும். ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்கு வந்து சேரும். சாலைக்கும் நமக்கும் இடையில் முதல் ஸ்பிரிங் டயருக்குள் இருக்கும் காற்றுதான்.

சு. எழுதியது:

'ரைட் குவாலிட்டி'க்குச் சொல் இங்கேயே கிடைத்துவிட்டது. வண்டி நன்றாக ஓடினால் 'அலுங்காமல் குலுங்காமல் வந்தேன்' என்கிறோம். 'குலுங்காமை' என்று வைத்துக்கொள்ளலாம்.

வே. எழுதியது:

எதிர்மறைத் தொழிற்பெயர்! அழுக்காறாமை, வெஃகாமை வரிசையில் குலுங்காமை. அதிகாரமே எழுதலாம்.

மா. எழுதியது:

நல்ல சொல்தான். ஆனால் 'குலுங்காமை கூடும், குறையும்' என்று எழுதினால் வாசிக்கிறவர் தலை குலுங்கும். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, 'காற்று அதிகமானால் வண்டி கூடுதலாகக் குலுங்கும்' என்று வினையாக எழுதுங்கோ. எல்லா இடத்திலும் பெயர்ச்சொல் வேண்டும் என்று யார் சொன்னது?

க. எழுதியது:

மா. சொன்னபடியே எழுதிவிட்டேன், அந்த இடத்தில் சொல்லே தேவைப்படவில்லை. மற்றவற்றில் பெரும்பான்மை என்று எனக்குத் தோன்றியது: உருள்தடை. முதலில் வரும் இடத்தில் 'காற்றழுத்தம் அல்லது காற்றமுக்கம்', பிறகு அழுத்தம். தலைப்பில் ஹைப்ரிட், உள்ளே ஒருமுறை 'ஈரியக்க ஊர்தி'. டயர், டயராகவே இருக்கிறது. கோப்பு போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

ந. எழுதியது:

அடுத்த பதிப்பிலாவது உருள்தடைக்குக் கீழே 'ரப்பரின் தயக்கத்தால் வருவது' என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். இல்லாவிட்டால் யாராவது மறுபடியும் உராய்வு என்று திருத்தி வைப்பார்கள்.

வே. எழுதியது:

வினைத்தொகை என்பதால் உருள்தடைக்கு அரைமனத்தோடு உடன்படுகிறேன். உருள்தயக்கமே சிறந்தது. 'டயர்' அச்சேறியதற்கு என் உடன்பாடு இல்லை என்பது இந்த இழையில் பதிவாகி இருக்கட்டும்.

மா. எழுதியது:

ஐயா, எங்கள் பக்கத்தில் அதை 'ரயர்' என்று எழுதுவோம். அதற்காவது உடன்படுவீங்களோ?